மீன்பிடித் தடைக்காலத்தில் தலைத் திவசம்: படையலுக்கு நல்ல சங்கரா மீன் கிடைக்குமா?

கேட்டவர்: தண்டையார்பேட்டை அம்மா

வணக்கம். எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று மீன் வாங்குவது பற்றி, இன்னொன்று படையல் பற்றி. இரண்டும் பின்னிக் கிடப்பதால் சேர்த்தே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் போன வருஷம் வைகாசியில் தவறிவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தார். கப்பலில் ஏறும் சரக்கையும் இறங்கும் சரக்கையும் எண்ணிச் சரிபார்த்து எழுதுகிற வேலை. ரிட்டயர் ஆக ஒரு வருஷம்கூட இல்லை. இந்த மே மாதக் கடைசியில் தலைத் திவசம் வருகிறது.

எங்கள் வீட்டில் மீன் வாங்குவது அவர் பொறுப்பு. ஆய்வதும் குழம்பு வைப்பதும் என் பொறுப்பு. கல்யாணமான புதிதில் அப்படி அமைந்தது, கடைசி வரை மாறவில்லை. சனிக்கிழமை நைட் ஷிப்ட் என்றால், முடித்துவிட்டு நேராக வீட்டுக்கு வரமாட்டார். டிவிஎஸ் 50-ஐ அப்படியே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடுவார். அதற்கென்றே ஒரு ஒயர் கூடை வண்டியில் எப்போதும் மாட்டியிருக்கும். பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் மீன் வீட்டில் இருக்கும். ஷிப்ட் இல்லாத ஞாயிறு என்றால் விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார். வார நாளில் அவரை எழுப்புவதற்கு நான் எத்தனை குரல் கொடுக்க வேண்டும் தெரியுமா? ஞாயிறன்று யாரும் எழுப்பத் தேவையில்லை.

அவருக்குச் சங்கராதான். வஞ்சிரம் வறுக்கத்தான் லாயக்கு, குழம்பு என்றால் சங்கராவுக்கு ஈடு இல்லை என்பது அவர் கட்சி. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, ஆளுக்கு ஒரு வாயாக மாற்றி மாற்றி ஊட்டுவார். சினை இருந்தால் மகளுக்கு. தலை அவருக்கு. தலையில் இருக்கிற சதையை ஒன்று விடாமல் எடுத்துச் சாப்பிட அவருக்கு அரை மணி நேரம் வேண்டும். அதுவரை யாரும் கை கழுவ மாட்டோம். தெருக்கதை, ஹார்பர் கதை, சொந்தக்காரர்கள் கதை எல்லாம் ஓடும். மகளுக்கு எந்தக் காலேஜ் என்று முடிவானதும், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கலாம் என்று பேச்செடுத்ததும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

டி.எச். ரோட்டை, அதாவது திருவொற்றியூர் ஹை ரோட்டை, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த வருஷங்களில், இது முடிந்ததும் நம் குடும்பம்தான் முதலில் ஏறும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்தது. சொன்னபடி கூட்டிக்கொண்டு போனார். ஏர்போர்ட்டில் எங்களுக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. தண்டையார்பேட்டையில் ஏறினோம், ஏர்போர்ட்டில் இறங்கினோம், வெளியே வந்து டீ குடித்தோம், திரும்பி வந்துவிட்டோம். பூமிக்கு அடியிலேயே போய்க்கொண்டிருந்த வண்டி சைதாப்பேட்டை தாண்டி மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்ததும் மகனின் தோளைப் பிடித்து, "பாருடா, பாருடா" என்று காட்டினார். அவன் அப்போது மீசை முளைத்த பையன். அவனும் எட்டிப் பார்த்தான். இப்படிப்பட்ட நாட்களைத்தான் நான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். கல்யாணம், கிரகப்பிரவேசம் மாதிரிப் பெரிய நாட்கள் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

அவர் போனபின் காரியம் முடிகிற வரை வீட்டில் கவிச்சி இல்லை. முடிந்த பிறகும் மீன் சட்டி அடுப்பில் ஏறவில்லை. யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. வாங்கி வர ஆள் இல்லை, அவ்வளவுதான். மகன் ஞாயிறுதோறும் பிரியாணி பொட்டலம் வாங்கி வந்தான். அவன் டிவி பக்கம், நான் அடுப்பங்கரை பக்கம். பத்து நிமிஷத்தில் சாப்பாடு முடிந்துவிடும். ராத்திரியில் வருகிற அழுகைகூடத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பத்து நிமிஷத்தைத் தாங்க முடியவில்லை.

கார்த்திகையில் மகள் உண்டாகியிருக்கும் சேதியைச் சொல்ல அசோக் நகரிலிருந்து வந்தாள். கட்டிக்கொண்டு அழுதோம். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "நைனா வாங்கிட்டு வர்ற சங்கரா கொழம்பு வாயிலயே நிக்குதும்மா." அந்த ஞாயிறே மகனைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். கார்த்திகை மாதம், பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்கள், விலையும் இறங்கியிருந்தது. சின்ன வயதில் நைனாவோடு போய்வந்த பழக்கத்தில், அவர் வழக்கமாக வாங்குகிற மீன்கார அக்காவை மகனே கண்டுபிடித்துவிட்டான். அவனைப் பார்த்ததும் அந்த அக்கா, "நைனா வரலியா, ஷிப்டா?" என்றார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திட்டினார். "இத்தினி வருசம் எங்கையில மீன் வாங்குன மனுசன். ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா மால எடுத்துக்கினு வந்திருப்பேனே." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்காகக் கண் கலங்க எங்கள் தெருவுக்கு வெளியிலும் ஒரு ஆள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதிலிருந்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் திரும்பி வந்தது. அந்த அக்கா எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வருவேன். இப்போது தடைக்காலம். அவர் கடை போடவில்லை, பழவேற்காட்டில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம்.

ஆகையால் முதல் கேள்வி: தடைக்காலத்தில் சங்கரா கிடைக்குமா? எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்? நல்ல மீன் என்று எதை வைத்துப் பார்ப்பது? என் வீட்டுக்காரர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன், அதில் என்ன பார்த்தார் என்று கேட்டதில்லை.

இரண்டாவது: என் நாத்தனார், திவசம் என்றால் சைவம்தான், கவிச்சி வைத்தால் அண்ணனுக்குச் சேராது என்கிறார். கொஞ்ச வருஷமாக அவர் சைவத்துக்கு மாறிவிட்டார். என் மாமனாருக்குப் படையல் போட்டபோது கருவாடு வரைக்கும் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரருக்குப் பிடித்த சாப்பாட்டை வைக்காமல் வேறு எதை வைப்பது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீடுகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்: காசிமேட்டுத் தம்பி

அம்மா, நைனா போனதைப் படித்துவிட்டுச் சங்கடமாகிவிட்டது. நான் காசிமேடுதான். எங்கப்பா லாஞ்சில் டிரைவர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் கூட்டினார்கள். மீன் முட்டையிட்டுப் பெருகுகிற காலம் என்பதால் நிறுத்துகிறார்கள். ஆனால் நிறுத்துவது விசைப்படகுகளைத்தான், நாங்கள் லாஞ்ச் என்போமே, அவற்றை. ஃபைபர் படகும் கட்டுமரமும் கரைக்குப் பக்கத்தில் தொழில் செய்துகொண்டுதான் இருக்கும். சங்கரா தூண்டிலிலும் விழுகிற மீன், அதனால் ஃபைபர் படகுக்காரர்களிடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. பெரிய மீனை எதிர்பார்க்காதீர்கள். விலையும் சாதாரண நாளைவிடக் கூடத்தான் இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கேரளா, கர்நாடகா பக்கம் மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் ஆரம்பிக்கும், ஜூலை 31 வரை. அதனால் மே முழுக்க அங்கிருந்து லாரியில் மீன் வரும். உங்கள் நாள் மே கடைசி என்பதால் அதுவும் கைகொடுக்கும். ஐஸில் வந்த மீன் எல்லாமே பழைய மீன் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காக ஐஸ் போட்டு வந்தது நன்றாகவே இருக்கும். ஐஸ் உருகி, திரும்பப் போட்டு, திரும்ப உருகிய மீன்தான் மோசம்.

நைனா செவுளில் பார்த்தது நிறத்தை. புது மீனுக்குச் செவுள் ரத்தச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். நாளாக ஆகப் பழுப்படித்து, வழவழவென்று பிசின் மாதிரி ஆகிவிடும். ஆனால் செவுளை மட்டும் நம்பாதீர்கள். கண்ணைப் பாருங்கள்: பளிச்சென்று, கொஞ்சம் வெளியே புடைத்த மாதிரி இருக்க வேண்டும், வெள்ளைப் படலம் கட்டிக் குழிந்திருந்தால் வேண்டாம். வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்துங்கள். பள்ளம் உடனே நிரம்ப வேண்டும், அப்படியே நின்றால் பழசு. சங்கராவுக்கு மேல்தோல் நிறமே சொல்லிவிடும், புது மீன் நல்ல சிவப்பாக மின்னும், பழசானால் வெளுத்துப்போகும். செதில் தொட்டதும் உதிரக் கூடாது. கடைசியாக மூக்கு. கடல் வாசனை அடிக்கலாம், மூக்கைக் குத்துகிற காரவாடை அடிக்கக் கூடாது.

நேரம் பற்றி ஒன்று. நைனா மாதிரி நான்கு மணிக்குப் போக வேண்டாம். அது லாஞ்ச் ஏலத்துக்கான நேரம். ஃபைபர் படகுகள் பெரும்பாலும் விடிந்த பிறகுதான் கரை சேரும். அவை வந்து சேரும் இடத்தில் ஆறரை ஏழு மணிக்கு நின்றால் உங்கள் கண் முன்னாலேயே கூடை இறங்கும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கூட்டம் தாங்காது. முந்தின நாளே போய் ஒருவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். படையலுக்கு என்று சொன்னால் எங்கள் ஆட்கள் நல்லதாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள். அந்த விஷயத்தில் ஏமாற்ற யாருக்கும் மனசு வராது.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது அம்மா. எங்கள் வீட்டில் அப்பா முழுசாக இருக்கிறது இந்த இரண்டு மாதம்தான். மற்ற நாளில் கடல், வந்தால் தூக்கம், திரும்பக் கடல். தடைக்காலத்தில் வருமானம் கிடையாது, அரசு கொடுக்கிற நிவாரணப் பணத்தையும் கடனையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனாலும் பகலில் வலை கட்டிக்கொண்டு, படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு, சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இன்றைக்கு அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்தேன்.

பதில்: வியாசர்பாடி அக்கா

தங்கச்சி, மீன் பற்றித் தம்பி சொல்லிவிட்டது. நான் படையல் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. 1964-இல் ரங்கூனில் கடைகண்ணி எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, என் அப்பா அம்மா கப்பலேறி வந்துவிட்டார்கள். நான் இங்கே வியாசர்பாடியில் பிறந்தவள். எனக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவன் இல்லை. காலேஜ் கடைசி வருஷத்தில் ரோட்டு விபத்தில் போய்விட்டான். இதை எழுதும்போது இப்போதும் கை நின்றுதான் போகிறது.

அவனுக்கு உயிர் அத்தோதான், பர்மா நூடுல்ஸ். பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் நின்று சாப்பிடாமல் வரமாட்டான். வீட்டிலும் செய்யச் சொல்லிப் பிடுங்குவான். நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு, பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த வடையை உடைத்துத் தூவி, கையால் பிசைந்து கொடுக்க வேண்டும். கரண்டி போட்டால் பிடிக்காது. முதல் வருஷப் படையலில் இலையில் சோறு, சாம்பார், வடை, பாயசம் என்று ஊரார் சொன்னதெல்லாம் வைத்தோம். எனக்கு அந்த இலையைப் பார்க்கப் பார்க்க யாரோ ஒரு பெரியவருக்குப் போட்ட மாதிரி இருந்தது. எழுந்து போய் அத்தோ பிசைந்து கொண்டுவந்து வைத்தேன். என் மாமியார் அப்போது இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து வருஷா வருஷம் அத்தோதான்.

உன் நாத்தனாரிடம் சண்டை போடாதே. அவளும் கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவள். எங்கள் பக்கம் பல வீட்டில் செய்வதைச் சொல்கிறேன், பார். காலையில் ஐயரை வைத்துத் திதி கொடுத்து, காக்காவுக்கு வைத்து, மதியம் சைவச் சாப்பாடு. பொழுது சாய்ந்த பிறகு வீட்டோடு படையல், அதில் கறி, மீன், கருவாடு எது பிடிக்குமோ அது. இரண்டுமே முறைதான், ஒன்று ஒசத்தி ஒன்று மட்டம் என்று கிடையாது. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்காதே: சாயங்காலப் படையலை நீயும் பிள்ளைகளும் சேர்ந்து போடுங்கள். அதைச் செய்கிற பாத்தியதை வேறு யாருக்கும் கிடையாது.

பதில்: ராயபுரத்திலிருந்து ஒரு நர்ஸ்

அம்மா, உங்கள் மகள் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நான் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். எட்டாம் மாதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மீன் தாராளமாகக் கொடுங்கள், நன்றாக வெந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நெத்திலி, மத்தி மாதிரிச் சின்ன மீன்கள் இன்னும் நல்லது. பெரிய சுறாவும் பெரிய வஞ்சிரமும் கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்போம், பெரிய மீன்களின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். பிரசவத்துக்கு அப்புறம் பால் ஊறப் பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். கொடுக்கிறதாக இருந்தால் சின்னச் சுறாவாக, எப்போதாவது ஒரு நாள் போதும். கருவாடு கேட்டால் ஒரு துண்டோடு நிறுத்துங்கள், உப்பு அதிகம். பிரஷர் ஏறியிருக்கிறதா என்று அடுத்த செக்கப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்தக் குழம்பை எப்படி வைப்பீர்கள்? எனக்கு அம்மா இல்லை, கேட்க ஆள் இல்லை.

பதில்: எண்ணூர்க்காரர்

அக்கா, சங்கரா அமையாவிட்டால் கிழங்கான் பாருங்கள், அந்தச் சதையும் குழம்பில் கரையாமல் நிற்கும். கழிமுகத்து மடவை, இறால், நண்டு யாராவது விற்றால் எங்கே பிடித்தது என்று கேட்டு வாங்குங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் ஆற்றில் எண்ணெய் கலந்தபோது படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பானது. எங்கள் குப்பத்துப் பெண்கள் வாளியும் மக்குமாக நின்று அள்ளினார்கள். அதற்கும் முன்னாலேயே சாம்பல் கழிவு விழுந்து ஆறு மேடாகிக்கொண்டிருக்கிறது. என் அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவிப் பிடித்த ஆறு அது. அவர் இருந்திருந்தால் உங்கள் படையலுக்கு ஒரு பறி இறால் கொடுத்து அனுப்பச் சொல்லியிருப்பார். அண்ணனுக்கு என் வணக்கம்.

பதில்: தண்டையார்பேட்டை அம்மா

எல்லாருக்கும் நன்றி. திவசம் நல்லபடியாக முடிந்தது. கேட்டுவிட்டுச் சும்மா போவது முறையில்லை, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

வியாசர்பாடி அக்கா சொன்னபடியே இரண்டும் செய்தோம். காலையில் மகன் திதி கொடுத்தான். மதியம் வாழைக்காய், பூசணிக்காய் சாம்பார், பாகற்காய், பாயசம். நாத்தனார் வந்திருந்து எனக்குக் கூடமாட எல்லாம் செய்தார். சாயங்காலம் படையல் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார். முகம் வாடித்தான் போனார். போகும்போது மகளின் வயிற்றைத் தொட்டு, "எங்க அண்ணன் மூக்கோட பொறக்கட்டும்" என்றார். எனக்கு அது போதும். மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

மீன் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தோம். மகனும் நானும் ஏழு மணிக்குப் போய் நின்றோம். தம்பி சொன்ன மாதிரி ஃபைபர் படகிலிருந்து கூடை இறங்கியது. சங்கரா இருந்தது, உள்ளங்கை நீளம்தான். நான் கையை நீட்டுவதற்குள் மகன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தான், வயிற்றை அழுத்திப் பார்த்தான், இரண்டை ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்தான். உங்கள் பதிலை அவன் போனில் படித்திருக்கிறான், எனக்குச் சொல்லவில்லை. கூடவே கொஞ்சம் கிழங்கானும் வாங்கினோம்.

ஆறு மணிக்கு விளக்கேற்றி இலை போட்டோம். சோறு, மீன் குழம்பு, வறுவல், ஒரு துண்டு கருவாடு, வெற்றிலை பாக்கு. அவருக்குப் பிடித்த ஸ்ட்ராங் டீ ஒரு டம்ளர். கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றோம். மாப்பிள்ளையும் வந்துவிட்டார், நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சின்ன மீனாக இருந்தாலும் ஒன்றில் சினை இருந்தது, மகள் தட்டுக்குப் போனது. தலைகளை மகன் எடுத்துக்கொண்டான். அவனுக்குத் தலை சாப்பிடத் தெரியாது. எங்கே சதை இருக்கிறது என்று அக்காகாரி சொல்லிக்கொடுக்க, அவன் தோண்டித் தோண்டி எடுக்க, ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் குழந்தைக்குப் பெயர் வைக்கிற பேச்சு வந்து, மாப்பிள்ளை ஒரு பெயர் சொல்லி, மகள் முடியவே முடியாது என்று சொல்லி, ஒரே சத்தம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவர் இல்லாத வீட்டில் இப்படிச் சிரிக்கிறோமே என்ற உறுத்தல் ஒரு நொடி கூட வரவில்லை.

நர்ஸ் பெண்ணே, குழம்பு கேட்டாய். எழுதிக்கொள். மீன் அரைக் கிலோவுக்குச் சொல்கிறேன். எலுமிச்சை அளவு புளி ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள். சட்டியில் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, வெங்காய வடகம் கிள்ளிப் போட்டுப் பொரிய விடு. வடகம் இல்லையென்றால் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. ஆனால் வடகம் போட்டால்தான் நம்ம ஊர்க் குழம்பு வாசனை வரும், சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்து வருஷத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வேன். பிறகு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி போட்டு நன்றாகக் குழைய வதக்கு. மஞ்சள்தூள், மில்லில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் மூன்று ஸ்பூன், உப்பு, புளிக்கரைசல். தேங்காய் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது, நீ வேண்டுமானால் சேர்த்துக்கொள். பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கிற வரை கொதிக்கட்டும், அவசரப்படாதே. மாங்காய் கிடைக்கிற காலம் என்றால் அப்போது நாலு துண்டு போடு, புளியைக் குறைத்துக்கொள். மாங்காய் பாதி வெந்ததும் மீனைப் போட்டு, தீயைக் குறைத்து, ஏழெட்டு நிமிஷம். கரண்டி போட்டுக் கிளறாதே, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றி விடு, மீன் உடையாது. இறக்கி மூடி வைத்து இரண்டு மணி நேரமாவது கழித்துச் சாப்பிட்டால்தான் உப்புப் புளி மீனில் இறங்கியிருக்கும். கொஞ்சம் எடுத்து வைத்து மறுநாள் காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொள். ஏதாவது சந்தேகம் வந்தால் இங்கேயே கேள், நான் தினமும் சாயங்காலம் பார்ப்பேன்.